நான்கு மாதம் மறைத்து வைத்த துண்டு

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்று யாராவது மாட்டிக்கொண்டால், வெளியே நின்று நிதானமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அவர் குரல் கேட்டு அடங்குவார்கள். அப்படிப்பட்டவர் தன் பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் ஓட்டினார்.

ஒரு ஞாயிறு மதியம் மனைவியோடு இருந்துவிட்டு எழுந்தபோது விந்தில் ரத்தம் கலந்திருந்தது. கொஞ்சம்தான், வெளிறிய சிவப்பு. வலியில்லை, எரிச்சலும் இல்லை. மனைவி பார்ப்பதற்குள் துண்டைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார். முந்தின நாள் லிஃப்ட் மோட்டாரைத் தூக்கியதால் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை துருத் தண்ணீர்போலப் பழுப்பாக இருந்தது.

அதோடு அவருக்கு அண்ணன் கண்முன் வந்து நின்றார். அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் புராஸ்டேட் புற்றுநோயில் இறந்தவர். சிறுநீர்ப்பைக்குக் கீழே அப்படி ஒரு சுரப்பி இருப்பதே குடும்பத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதுகுவலி என்று சொல்லி அவர் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். மனைவியின் கை பட்டால்கூட நகர்ந்து உட்கார்ந்தார். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடந்தது.

மனைவிக்கு ஒரு சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரித் துணிகளைப் பிரித்துப் போடுகிறவள். ஒரு சனிக்கிழமை காலை, அலமாரிக்குப் பின்னால் ரத்தக் கறையோடு சுருண்டு கிடந்த துண்டை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள்.

"உங்களுக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சு இத்தனை மாசமா உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டிருந்தேன். இதைப் பார்த்ததும், அப்படி இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு ஆயிடுச்சு."

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு."

"அதை நீங்க சொல்லாதீங்க. டாக்டர் சொல்லட்டும்."

சிறுநீரகப் பிரிவு டாக்டர் அவர் மகள் வயதுப் பெண். மனைவிதான் ஆரம்பித்துவைத்தாள். எத்தனை தடவை, சிறுநீரிலும் ரத்தம் வந்ததா, காய்ச்சல் உண்டா, அடிபட்டதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். அவள் குரலில் கூச்சமே இல்லாததால் அவருக்கும் மெல்லப் பேச்சு வந்தது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். மிக அதிகம், இந்த ரத்தத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள்.

"சின்ன வயசுக்காரங்களுக்கு ஒரு தடவை வந்துட்டு நின்னுபோச்சுன்னா பெரும்பாலும் கவலையில்லை. உங்களுக்கு நாற்பது தாண்டிடுச்சு, திரும்பத் திரும்ப வருது, அண்ணனுக்கும் இருந்திருக்கு. அதனால பார்த்தே ஆகணும். நிறைய பேருக்கு இது புற்றுநோயா இருக்கிறதில்லை. ஆனா உங்களுக்கு இல்லைன்னு பார்க்காம சொல்ல முடியாது."

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டியாக ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

சிறுநீர், ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தடவிப் பார்த்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரப்பியில் வீக்கமும் தொற்றும் இருந்தன. புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருந்தது. தொற்றினாலும் அது கூடும், தொற்றுக்குக் கொடுத்த மருந்து முடிந்து சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

காத்திருந்த அந்த நாட்களில் அண்ணியைப் பார்க்கப் போனார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க அண்ணனும் ஒரு வருஷம் மறைச்சார். அவருக்குச் சிறுநீர்ல வந்துச்சு. திடீர்னு கருப்பு உள்ளாடையா வாங்கிட்டு வந்தார். ஏன்னு நான் கேக்கவேயில்லை."

அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது பரிசோதனையில் எண் இயல்பான அளவுக்கு இறங்கியிருந்தது. ரத்தமும் மெல்ல வெளுத்து, நின்றுபோனது. அழுத்தத்துக்கு மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றாள் டாக்டர். வெளியே வந்ததும் மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் தம்பிக்குப் போன் செய்தார். தம்பிக்கு நாற்பத்தாறு. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "போன்ல பேசுற விஷயமா இது?" என்று தம்பி முதலில் சிரித்தான். அண்ணனின் கருப்பு உள்ளாடை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, டாக்டரை எந்தக் கிழமைகளில் பார்க்கலாம் என்று கேட்டான்.