ரயிலேறிய அம்மன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்துக்கு மேலே ஆளுயரக் கல் ஒன்று இருக்கிறது. அதில் இருக்கிற அம்மனுக்குத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன் நான். முன்பு அந்த அம்மனாக நடித்தவனும் நான்தான். உன்னையே நீ கும்பிட்டுக்கொள்கிறாயா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். அவ்வளவு பெரிய கேள்விக்கு என்னிடம் படிப்பில்லை.

இருபது வருடத்துக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு சேர் திருவிழாவுக்கு நாடகம் எழுதினார். அவரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்தான். கொழுந்து நிறுக்கும்போது திருடுகிற கணக்கப்பிள்ளையை ஒரு பெண் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்கிறாள். அவனுடைய ஆட்கள் அவளைத் துரத்துகிறார்கள். அவள் ஓடிவந்து அந்த ஆளுயரக் கல்லுக்குப் பின்னால் போகிறாள். பிறகு வரவேயில்லை. கதை அவ்வளவுதான். பெண்பிள்ளைகளை நடிக்க விட யாரும் சம்மதிக்கவில்லை. ஒல்லியான உடம்பு என்று என்னைப் பிடித்தார்கள். பதினெட்டு நாள் மச்ச மாமிசம் விட்டு, மனைவியின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்திலேயே ஓடினேன்.

மறுநாள் கொழுந்துக்குப் போன ஒரு பெண், முதல் கைப்பிடிக் கொழுந்தை அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவளுக்கு நிறுவையில் ஒரு கிலோகூடக் குறையவில்லையாம். போதாதா? கல்லுக்குப் பின்னால் போனவள் அம்மனாகிவிட்டாள் என்று பேச்சானது. அடுத்த வாரம் மஞ்சள் துணி வந்தது. அடுத்த வருடம் சூலம் வந்தது. பிறகு தகரக் கூரை. எனக்கே ஒருமுறை காய்ச்சல் வந்தபோது அங்கேதான் திருநீறு எடுத்துப் பூசினேன். குணமானது. மாத்திரையும் போட்டேன்; அதையும் மறைக்கவில்லை.

இந்த வருடம் எங்கள் மகள் பள்ளி முடிக்கும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை இரண்டாம் தடவை எழுதினாள். பாஸானால் அந்தக் கல்லடியில் பொங்கல் வைக்கிறேன் என்று மனைவி நேர்ந்திருந்தாள். பாஸாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் என்று முடிவு செய்து வெலிமடையிலிருந்து புதுப்பானைகூட வாங்கியாகிவிட்டது.

வியாழக்கிழமை எல்லார் போனுக்கும் ஒரு வீடியோ வந்தது. இப்போது கொழும்பில் இருக்கிற அந்த சேர் யாருக்கோ பேட்டி கொடுத்திருந்தார்.

“அந்தப் புள்ள சாமியாகலீங்க. கல்லுக்குப் பின்னால கணக்கப்பிள்ளைதான் காத்துக்கிட்டு இருந்தான். சண்டையெல்லாம் ஊருக்குக் காட்டத்தான். ரெண்டு பேரும் பதுளையில ரயிலேறிப் போயிட்டாங்க. நாடகத்துல சொல்லல. ஆனா என் மனசுல எப்பவும் அப்படித்தான்.”

வெள்ளிக்கிழமை மாலை கோயில் கமிட்டி கூடியது. தலைவர் மேசையில் தட்டினார்.

“ஓடிப்போனவளுக்குப் பொங்கலா? நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்றது?”

“நேர்ந்துட்டேன் தலைவரே,” என்றாள் மனைவி. “குடுக்காட்டிப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்.” வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவள் சோறு தின்னவில்லை.

வாலிபர் சங்கச் செயலாளர் எழுந்தான். “எழுதுனவரே சொல்லிட்டாரே அத்தை. அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எழுதுனது அவரு. போனது நான். கல்லுக்குப் பின்னால எந்தக் கணக்கப்பிள்ளையும் இல்ல.”

“அப்ப என்னதான் மாமா இருந்துச்சு?”

கோயில் வாசலில் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. “எறும்பு,” என்றேன். “கடிக்கக் கடிக்கக் குந்திக்கிட்டு இருந்தேன்.”

கமிட்டி முழுவதும் சிரித்தது. செயலாளர் அதைக் குறிப்பிலும் எழுதிக்கொண்டான். கடைசியில் சேரையே கூப்பிட்டுக் கேட்பது என்றும், அதுவரை யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்றும் தலைவர் உத்தரவு போட்டார்.

ஞாயிறு காலை சேர் வந்து இறங்கினார். திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மூன்று கல்லின்மேல் புதுப்பானை காத்திருந்தது. மனைவி தீப்பெட்டியைக் கையில் பொத்தியபடி நின்றாள்.

சேர் பேட்டியில் சொன்னதையே சொன்னார். அவரை எல்லாரும் வாய் பிளந்து பார்த்ததில் உற்சாகமாகி மேலும் சொன்னார்.

“இப்ப அவங்க பண்டாரவளையில கடை வச்சிருக்காங்க.”

“என்ன கடை சேர்?” என்றாள் ஒருத்தி.

“அது... தேங்காய்க் கடை.”

“புள்ளைங்க?”

“ரெண்டு.”

“அவன்தான் களவாணியாச்சே. கடையிலயும் நிறுவையில அடிக்கிறானா?”

“சேச்சே, திருந்திட்டான். மூணு புள்ளைக்குத் தகப்பன்.”

“இப்பத்தானே சேர் ரெண்டுன்னீங்க! நாங்க பார்த்துக்கிட்டு இருக்கையிலேயே ஒண்ணு பொறந்துருச்சா?”

சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி முன்னால் போனாள். நேருக்கு நேர் பேசிப் பழகாதவள்.

“சேர், நீங்க எழுதுன கொப்பியில ரயில் இருக்குங்களா?”

“கொப்பியில இல்லம்மா. மனசுல.”

“அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. இருபது வருசமா வீட்டுல சொல்ல முடியாததையெல்லாம் அவகிட்டத்தானே சொல்லி அழுதோம். நாங்க அழுதப்ப அவ பண்டாரவளையில தேங்காயா வித்துக்கிட்டு இருந்தா?”

சேர் கீழே பார்த்தார். தலைவருக்குத்தான் தர்மசங்கடம்; கொழும்பிலிருந்து வந்தவரையும் விட முடியாது, தோட்டத்துப் பெண்களையும் பகைக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சேர் சொன்னதும் சரி. தங்கச்சி நேர்ந்ததும் சரி. அம்மன் ரயிலேறிப் போனது உண்மை. நம்ம புள்ள கணக்குப் பரீட்சை எழுதுன அன்னைக்குத் திரும்பி வந்ததும் உண்மை. பத்த வைம்மா.”

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டான்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மனைவி குலவையிட்டாள். பாதியில் குரல் உடைந்தது. மகளுக்கு முதல் உருண்டையை ஊட்டிவிட்டு, மூன்று நாளுக்குப் பிறகு தானும் ஒரு வாய் தின்றாள். நான் கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ரயில், தேங்காய்க் கடை எல்லாம் எனக்குத் தெரியாது. என் பிள்ளை பாஸ்.

சேர் இரண்டாம் தடவையும் பொங்கல் வாங்கித் தின்றார். கூட்டம் கலைந்த பிறகும் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு மனைவி பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, என் மகனுக்கு விசா மூணு தடவை தட்டிப்போச்சு. நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“நீங்களே சொல்லுங்க சேர். உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளதானே.”

சேர் கல்லைப் பார்த்தார். “நான் சொல்றதை அவ எங்கம்மா கேக்கிறா?”

மனைவி சூடத் தட்டை எடுத்து, மகனின் பெயரும் நட்சத்திரமும் கேட்டாள்.