பத்து இருபதுக்கு எடுத்த அளவு

ஆய்வகத்தில் அவளைப் ‘பிளேடு அக்கா’ என்பார்கள். பேசியே கழுத்தறுப்பவள் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். உண்மையில் கேட்டதற்குக்கூடப் பாதிப் பதில்தான் வரும். அவள் அறுத்ததெல்லாம் மல்பெரி இலைகளைத்தான். சவர பிளேடால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கிக்கு வைப்பாள். இருபது வருடக் கை அது.

அந்த வருடம் ஆறு ரகங்களை ஒப்பிடும் வேலை. எந்த இலை தடிமன், எதில் பச்சைச் செல்கள் இரண்டடுக்காக நெருங்கி நிற்கின்றன, எது வெயிலை வாங்கி அதிக உணவு சமைக்கிறது என்று பார்க்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஒளிச்சேர்க்கைக் கருவியை இலைகளில் கவ்வவிட்டு அளவெடுப்பாள். வெயில் ஏறினால் இலைத்துளைகள் மூடத் தொடங்கிவிடும். பிறகு எடுக்கிற அளவு எதற்கும் உதவாது.

அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கை. தாய் போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இதயக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள் ஒரு நாள் காலை போன் செய்தாள்.

“அக்கா, ஒரு மணிக்கு ஆபரேஷனாம். இப்பவே வர்றியா?”

“பதினொன்னுக்கு முடிஞ்சிடும்டி. பன்னெண்டுக்கு உன் பக்கத்துல இருப்பேன்.”

“உன் இலையெல்லாம் ஓடியா போயிடும்?”

“நீ மட்டும் ஓடிடுவியாக்கும்!”

இருவரும் சிரித்தார்கள். போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். திரும்பியபோது ஒன்பது அழைப்புகள். பத்து இருபதுக்கே தங்கையின் மூச்சு நின்றிருந்தது.

“உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க,” என்றார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆறுதல் என்று நினைத்து.

பத்தாம் நாள் வேலைக்கு வந்தாள். முதலில் குறிப்பேட்டைத்தான் எடுத்தாள். 10.20: நான்காவது ரகம், மூன்றாவது செடி. எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. அதன்பிறகு அவள் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. அளவெடுப்பது வேறொருவர் பொறுப்பானது. அவள் சீவிய இலைகளும் தடித்தடியாக விழுந்தன. பழைய கை திரும்ப மாதங்களாயின.

முடிவில் அந்த நான்காவது ரகமே முந்தி நின்றது. இலையும் தடிமன், உணவு சமைப்பதும் அதிகம். ஆய்வை நடத்திய ஆராய்ச்சியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு எடுத்த அளவை விட்டுடலாமா? பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“தப்பா இருக்கா மேடம்?”

“இல்ல. இருக்கறதுலயே சுத்தமான அளவு அதுதான்.”

“அப்ப இருக்கட்டும்.”

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதாள்.