உயிரோடிருந்தவருக்கு ஒத்திகை

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் அரசு விழாக்களைக் கவனிக்கும் ஒரு பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். யார் முன்னால் நடப்பது, யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதுதான் எங்கள் பிழைப்பு. பெரிய மனிதர்களுக்கு அதில் வரும் ரோஷத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

விழா என்றால் இறுதிச் சடங்கும் சேர்த்துத்தான். ஓய்வு பெற்ற தளபதி ஒருவர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு ஒத்திகைக்கு நேரமிருக்காது என்று, கண்டோன்மென்ட் மைதானத்தில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஜூன் மாத மத்தியானம். லூ என்கிற அனல் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அலுவலக ஆட்கள் பதவி எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்கள் பியூன்தான் பாதுகாப்பு மந்திரி. அப்படியொரு மிடுக்கை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

என் அட்டையில் ‘மனைவி’ என்று இருந்தது. வரிசையாக வந்து வணங்குகிறவர்களுக்கு நான் விதவையாக உட்கார்ந்து கைகூப்ப வேண்டும். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. கணவர் விமானப்படையில், எல்லைப் பக்கம்.

“வேற யாரையாவது உக்கார வைங்க சார். என்னால முடியாது.”

“வெறும் ரிஹர்சல்தானேம்மா. ஜல்தி உக்காரு,” என்றார் செக்‌ஷன் ஆபீசர். மதுரைக்காரர். அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று தெரியாமலா சொன்னார்?

உட்கார்ந்தேன். தாலியைப் புடவையோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பயம் எனக்கு அதன் பிறகு வந்ததில்லை.

வரிசை நகரும் முன் ஒரு கார் வந்து நின்றது. வகிட்டில் செந்தூரத்தோடு வயதான அம்மாள் ஒருவர் இறங்கினார். ஒத்திகையை நடத்திய ராணுவ அதிகாரி விறைத்துப்போய் சல்யூட் அடித்தார். தளபதியின் மனைவி. யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை.

நேராக, உடலை ஏற்றிச் செல்வதற்கான பீரங்கி வண்டிக்குப் போய், அதில் கொடி போர்த்தியிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே என்ன என்று இந்தியில் கேட்டார். மணல் மூட்டைகள், ஆஸ்பத்திரியில் கேட்டு அவருடைய எடைக்கே வைத்திருக்கிறோம் என்றார் அதிகாரி.

“அது போன மாத எடை. இப்போது இவ்வளவு இல்லை.”

பிறகு என்னிடம் வந்தார். “உடோ, பேட்டி,” எழுந்திரு மகளே என்றார். எழுந்தேன். என் கழுத்திலிருந்து அட்டையைத் தானே கழற்றினார். “இது உன் நாற்காலி இல்லை. என்னுடையது.”

அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, தொடங்கச் சொல்லிக் கை காட்டினார்.

வரிசை நகர்ந்தது. எங்கள் பியூனிடம், “மந்திரிஜி, வெயிலில் வந்தீர்களே,” என்று கைகூப்பினார். பியூன் குனிந்து பதில் கும்பிடு போட்டார். மூன்று படைத் தளபதிகளில் யார் முதலில் பதவியேற்றாரோ அவர்தான் முன்னால் வர வேண்டும். கடற்படை அட்டை போட்டிருந்த டைப்பிஸ்ட் முந்திக்கொண்டார். அந்த அம்மாள் அவரை வணங்கவில்லை. விரலை மட்டும் அசைத்தார். டைப்பிஸ்ட் பின்னால் போய், தன் முறைக்குத் திரும்பி வந்தார். அட்டைகள் காற்றில் அடித்துக்கொண்டன. நான் ஓரமாக நின்று விக்கி விக்கி அழுதேன்.

கடைசி ஆள் போனதும் அட்டையைக் கழற்றி என்னிடம் தராமல் அதிகாரியிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் கிளம்புகிறேன். அவருக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம். நான் ஊட்டினால்தான் சாப்பிடுவார்.”