விடுவதற்காகப் பிடிப்பவர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லண்டன் நோர்பரிப் பூங்காவின் காய்ந்த புல்லில் கணேசலிங்கம் தூண்டில் வீசிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் என்று சொல்ல அங்கே நாய்களுக்கு வைத்த ஒரு கிண்ணம்தான் உண்டு. ஒன்பதடித் தடி, வெளிர்பச்சை நிறத்தில் தடித்த நூல், நூலின் நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுச் சிவப்புக் கம்பளி. தடியைத் தோளுக்குப் பின்னே கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, முன்னே விடுகிறார். நூல் காற்றில் வளைந்து நீண்டு புல்லின் மேல் சத்தமில்லாமல் விழுகிறது. "பலம் தேவையில்லை ஐசே. மணிக்கட்டு, மணிக்கட்டு," என்று எனக்குச் சொல்லிவிட்டு மீண்டும் சுருட்டுகிறார். நாயுடன் நடக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

வயது அறுபத்து மூன்று. முப்பது வருடம் ஒரு கவுன்சிலில் வாகனத் தரிப்பிடப் பிரிவில் இருந்தவர். அபராதச் சீட்டுக் கிடைத்தவர்கள் தாயாருக்கு வருத்தம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கெஞ்சி எழுதும் கடிதங்களுக்கு முடியாது என்று பதில் எழுதுவதே அவர் வேலை. அந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்தார். ஓய்வு பெற்ற கோடையில், அவரோடு வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரை ஒஸ்திரிய மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பனி உருகி வரும் ஓடையில் இடுப்பளவு நீரில் நின்று ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போட்டுவிட்டு வந்தவர், பழைய கணேசலிங்கமாகத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனும் மலைதான்.

"மீன் பிடிக்கப் போனீங்களோ அண்ணை?" என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. முகம் சிவந்துவிடும். "மீன் பிடிக்கிறது தொழில். நான் செய்யிறது ஃப்ளை ஃபிஷிங். ஸ்போர்ட். அது வேற, இது வேற." புழு குத்துவது, வலை போடுவது எல்லாம் அவருக்குக் கேவலம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்து, அதை மீன் நம்பும்படி நீரின் மேல் இறக்கவேண்டும். மயிலிறகு இதற்கு மிகத் திறமாம். போன வருடத் தேர்த் திருவிழாவில் காவடியாட்டம் முடியும்வரை பக்தியோடு பின்னால் நடந்தார் என்று நாங்கள் நினைத்தோம். உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

நெஞ்சு வரைக்கும் ஏறும் ரப்பர் காற்சட்டை ஒன்று வாங்கிய அன்று, ஒழுகுகிறதா என்று பார்க்கக் குளியல் தொட்டியில் நீரை நிரப்பி அதற்குள் ஒரு மணி நேரம் நின்றார். கோயிலுக்கு நேரமாகிறது, குளிக்கவேண்டும் என்று அவர் மனைவி தவநாயகி கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப் போனார். நாலு வருடத்தில் பிடித்தது ஏழு மீன். ஏழையும் விட்டுவிட்டார். கையை முதலில் நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடுவார். உலர்ந்த கை பட்டால் அதன் தோலுக்குக் காயம் வருமாம். "போ ராசா, போ" என்று சொல்லி நீரில் இறக்கி, அது நீந்திப் போகும்வரை குனிந்து நிற்பாராம். "ஒஸ்திரியாவிலையிருந்து குழம்புக்கு ஒரு செதில்கூட இந்த வீட்டுக்கு வரேல்லை," என்பார் தவநாயகி அக்கா. "மீன் நான்தான் கடையிலை வாங்கிறன்."

இதுவரைக்கும் சிரிக்கலாம்.

இவர்களுக்கு ஒரே மகள், தக்ஷிகா. கண் பரிசோதகர். ஐந்து வருடமாக நிஷாந்த் என்ற பிசியோதெரபிஸ்ட் பையனுடன் பழக்கம். தை மாதத்தில் வீட்டில் சொன்னாள். அன்று நான் அங்கே இருந்தேன். பையனின் தகப்பன் கஸ்பர், மன்னாரில் கடலோரப் பேசாலைக்காரர், கத்தோலிக்கர் என்று கேட்டதும், கணேசலிங்கம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வேதக்காரரெண்டதிலை எனக்கு ஒண்டுமில்லை. ஆனா அவையள் கடற்தொழில் ஆக்கள். மீன்பிடிகாரர் வீட்டிலையோ நான் சம்பந்தம் செய்யிறது?" இதைச் சொல்லும்போது அவர் கையில் பாதி கட்டிய மயிலிறகுப் பூச்சி. பின்னால் கதவில் ரப்பர் காற்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

கஸ்பரின் தகப்பனுக்கு மீன்பிடி வள்ளம் இருந்தது உண்மை. கஸ்பர் பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்து, முப்பத்தைந்து வருடமாகப் பாதாள ரயில் ஓட்டுகிறார். நிஷாந்துக்குத் தூண்டிலில் எந்தப் பக்கம் முள் என்றே தெரியாது. இதையெல்லாம் தக்ஷிகா எடுத்துச் சொன்னாள், அழுதாள், ஆறு மாதம் தகப்பனுடன் பேசாமலும் இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். "அப்பா, நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அவையின்ர வீட்டை போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. ஜஸ்ட் வன் கப். குடிக்காட்டி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு நீங்கள் வரவேண்டாம்."

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாதியில் கீழே என்று வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு எங்கள் பெரியவர்கள் போவார்கள், கதிரையில் இருப்பார்கள், குசலம் விசாரிப்பார்கள். வாய் மட்டும் நனைக்கமாட்டார்கள். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான், சுகர், டொக்டர் வேண்டாமெண்டவர் என்று ஆயிரம் சாட்டு உண்டு. கொடுப்பவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அந்தப் பிள்ளை கேட்டது தேநீரைப் பற்றியல்ல.

போன ஞாயிறு மத்தியானம் கிங்ஸ்பரியில் கஸ்பர் வீட்டுக்குப் போனோம். இப்படியான பேச்சுக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். காரை ஓட்டியதும் நான்தான். லண்டனின் தெற்கிலிருந்து வடமேற்கு வரை கணேசலிங்கம் ட்ரவுட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ," என்று கஸ்பர் வாசலுக்கே வந்தார். புதிதாகத் தேய்த்த சட்டை. அவர் மனைவி பியற்றிஸ் பால் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நல்ல கோப்பைகள், வருடத்துக்கு ஒரு முறை அலுமாரியிலிருந்து இறங்குகிறவை. தவநாயகி அக்கா உடனே எடுத்துக் குடித்தார். நானும் குடித்தேன்.

கஸ்பர் பேச்சைத் தொடங்கப் பார்த்தார். "மகன் சொன்னவன், அண்ணை மீன்..."

"ஃப்ளை ஃபிஷிங்."

"ஓம், ஓம். அது எப்பிடி அண்ணை?"

கேட்டிருக்கக்கூடாது. கணேசலிங்கம் எழுந்து நின்று வெறுங்கையால் வீசிக் காட்டினார். மலை, பனி, நீரோட்டம், பூச்சி வகைகள் என்று முக்கால் மணி நேரம் போயிற்று. கஸ்பர் உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடுறதெண்டால் பிறகு என்னத்துக்கு அண்ணை பிடிக்கிறது?"

"அது உங்களுக்கு விளங்காது," என்றார் கணேசலிங்கம்.

நிஷாந்த் தரையைப் பார்த்தான். கஸ்பர்தான் சிரித்து அதைத் துடைத்துவிட்டார். "விளங்காதுதான். எனக்குச் சின்னனிலையிருந்து வள்ளத்திலை ஏறினாலே தலைசுத்து, சத்தி. ஐயா என்னை ரயில் ஓட்டத்தான் பெத்தவர்."

"தேத்தண்ணி ஆறுது அண்ணை. குடியுங்கோ," என்றார் பியற்றிஸ்.

எதிரே இருந்த தக்ஷிகா, தேநீர் வந்த நேரத்திலிருந்து வேறு எதையும் பார்க்கவில்லை, அந்தக் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணேசலிங்கம் மகளைப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்தார், உதட்டுக்குக் கொண்டுபோனார், தலையைச் சற்றுப் பின்னே சாய்த்தார். தக்ஷிகா கண்ணை மூடி மூச்சு விட்டாள். ஆறு மாதத்தில் அவள் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. நிஷாந்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோப்பை திரும்ப எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தது. விளிம்பு மட்டத்துக்குத் தேநீர் அப்படியே நின்றது. மேலே படிந்த பாலாடை ஒரு இடத்திலும் கிழியவில்லை.

"நல்ல தேத்தண்ணி, தங்கச்சி," என்றார். கோப்பையின் மேல் சாசரைக் கவிழ்த்து மூடினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நனையாத மீசையை இரண்டு பக்கமும் பக்குவமாக ஒற்றிக்கொண்டார்.