குறிப்பேட்டில் விஷமம்

எட்டு வயதில் எனக்கு ஒரு பதவி இருந்தது. மட்டாஞ்சேரியின் சைக்கிள் சாம்பியனுக்கு நான்தான் நேரம் பார்ப்பவள். சாம்பியன் என் தாய்மாமா. என் பொறுப்பில் நான்கு பொருள்கள்: ஸ்டாப் வாட்ச், நீள நோட்டு, ஈரத் துண்டு, இரண்டு நேந்திரம்பழம். இரண்டாவது பழம் எனக்கு.

மாமா கலந்துகொண்டது ஒவ்வொருவராக, ஒரு நிமிட இடைவெளியில் புறப்படும் பந்தயம். பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். வென்றவர் யார் என்பதைக் கடைசியில் கடிகாரம்தான் சொல்லும். மாவட்டத்தில் மாமாவை யாரும் நெருங்கியதில்லை. மாநிலப் பட்டம் மட்டும் பாக்கி. ஞாயிறு காலைகளில், கொச்சங்காடியில் தான் வேலை பார்த்த மிளகுக் கிடங்கின் வாசலிலிருந்து தோப்பும்படிப் பாலம் வரை போய்த் திரும்புவார்.

சக்கரத்தைச் சரிபார்க்க வரும் சைக்கிள் கடைச் சேட்டன் தவறாமல் கேட்பார்: "எடா, கூட ஓட ஆளில்லாம ஆரைத் தோற்பிக்கான் போற?"

"இவ கையில இருக்குற வாட்சை, சேட்டா."

நான் வாட்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அது லேசில் தோற்காது என்பது என் எண்ணம்.

திரும்பியதும் மாமா மணிக்கட்டை நீட்டுவார். நாடி எண்ணி நோட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், நாடி, குறிப்பு. குறிப்பில் 'மழை', 'எதிர்காற்று', 'குறுக்கே ஆடு' என்று எழுதுவேன். மாநிலப் போட்டிக்கு முந்தின ஞாயிறு நாடி ஒழுங்காக வரவில்லை. நாலு துடித்தது, ஒன்று விட்டுப்போனது, பிறகு மூன்று அவசரமாக வந்தன.

"மாமா, நின்னு நின்னு போகுது."

"நீ எண்ணுறதுல விட்டிருப்ப."

"நான் விடல!"

மாமா சிரித்தார். "சரி மோளே. நெஞ்சுல சின்ன விஷமம் உண்டு. பந்தயம் கழியட்டும், பாப்போம். அம்மாட்ட பறையாதே."

மாமா கொச்சிக்கு வந்து பத்து வருடம். அவர் பேச்சில் பாதி மலையாளம். நானும் அம்மாவும் தென்காசியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான். விஷமம் எனக்குத் தெரிந்த விஷயம். அதற்காகத்தான் தினமும் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். மாமாவின் நெஞ்சும் என்னைப்போல என்பதில் மகிழ்ச்சி. குறிப்பில் 'விஷமம்' என்று எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை, நான் காட்டிக்கொடுக்கிற ரகமில்லை.

மாமா வென்றார். சேட்டன் கடையை அடைத்துவிட்டுத் தெருவுக்கே சாயா வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மாமா மறுபடியும் கிடங்கு வாசலில் நின்றார். இனி தேசியப் போட்டி.

நான் பொத்தானை அமுக்கினேன். வழக்கமான நேரம் கடந்தது. அவருடைய மோசமான நேரமும் கடந்தது. இன்றைக்கு வாட்ச் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். பாலத்து ஏற்றத்தில் மாமா சைக்கிளோடு சாய்ந்துவிட்டார் என்று சேட்டன் அழுதுகொண்டு ஓடி வந்தபோதும் நான் அதை நிறுத்தவில்லை. கிடங்கு வாசலில் போட்ட கோட்டை மாமா தாண்டினால் மட்டுமே நிறுத்தலாம் என்பது விதி. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

மலையாளத்தில் விஷமம் என்றால் வேதனை, அவஸ்தை. அதை அடுத்த ஆண்டு பள்ளியில்தான் கற்றுக்கொண்டேன்.

மாமா போன மூன்றாம் நாள் அம்மா நோட்டைப் புரட்டினாள். கடைசிக் குறிப்பில் அவள் விரல் நின்றது.

"விஷமமா?"

"சின்னதா இருக்குன்னு மாமாதான் சொன்னாங்க."

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்தாள். "சின்னதாவா? பொறந்ததுலருந்தே அவன் விஷமம்தான்."

நானும் தலையாட்டினேன். அந்த வீட்டில் அந்தச் சொல்லை மலையாளமாக வாசிக்கத் தெரிந்திருந்தவர் மாமா ஒருவர்தான்.