அடுப்புக்கு மேல் ஓர் இ-ரீடர்

டொரன்டோவில் ரயில் ஏறினால் படிக்கிறவர்களை எண்ணுவது என் வழக்கம். நேற்று என் பெட்டியில் இருபத்தேழு பேர். ஆறு பேர் கையில் மின்னூல் படிக்கும் இ-ரீடர். ஆறும் ஒரே சாம்பல் நிறப் பலகை, வெளியே தெரிகிற அட்டைப்படம் ஒன்றிலும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன படிக்கிறார் என்று தெரியாமலே இறங்கிப் போகிற ஊர் இது. எங்கள் ஜவ்வாது மலை ஜீப்பில் என் மடியில் ஒரு புத்தகம் இருந்தால், திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் நான்கு பேராவது வாங்கிப் புரட்டிவிட்டுத்தான் தருவார்கள்.

மகள் வீட்டுக்கு வந்த இந்த ஐந்து வருடத்தில் நானும் பலகைக்காரனாகிவிட்டேன். அதில் நாற்பத்தாறு புத்தகங்கள். மலையில் நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கும் என் மனைவியின் தம்பி வெள்ளையனுக்கும் ஒன்று அனுப்ப நினைத்தேன். அவனுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு அச்செழுத்து பிடிபடவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் படிப்பான். கடையில் போட்டி நிறுவனங்கள் இரண்டின் பலகைகளையும் பதினொரு முறை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். ஒன்று மெல்லியது, பசையால் ஒட்டியது. மற்றது தடிமன், முதுகில் நான்கு திருகாணி. ஜீப்பிலிருந்து விழுந்தால் தாங்குமா என்று கேட்டேன். இரண்டு மீட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார் விற்பனையாளர். எங்களிடம் அவ்வளவு தண்ணீர் இல்லை, கல்தான் இருக்கிறது என்றேன். குளியல் தொட்டியிலும் படிக்கலாம் என்றார். ஒரு நிறுவனத்திடம் வாங்கிய புத்தகம் மற்றதில் திறக்காது; என்னுடையவை திறப்பது மெல்லியதில்தான். அதையே ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அது கீழே விழவில்லை. பத்தொன்பதாம் நாள் வெள்ளையன் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று பேசினான்.

"எலி கடிச்சிடும்னு வெதை சாமையோட அடுப்பு மேல தொங்கவுட்டேன் மாமா. முதுகு தனியா வந்துட்ச்சி. பாதி எழுத்தக் காணோம். வெதை வருசம் பூரா அங்கதான் கெடக்குது, உங்க ஊரு மிசினு நாலு நாளு தாங்கலியே."

விழுவதைப் பற்றி அத்தனை யோசித்த எனக்குப் பசையை இளக்கும் அடுப்புச் சூடும் புகையும் தோன்றவே இல்லை. என் பள்ளிச் சான்றிதழே அடுப்புக்கு மேல் கிடந்ததுதான். ஐந்தே வருடத்தில் மறந்திருக்கிறேன்.

இடது கண்ணுக்கும் டாக்டர் அதிக காலம் சொல்லவில்லை. மறுபடி கடைக்கு ஓடினேன். அந்த மாதிரி தீர்ந்துவிட்டது. போட்டியில் அதே நிறுவனத்தின் புதியது இன்னும் மெலிந்திருந்தது. அதை நம்ப மனம் வரவில்லை. ஐந்து வருடம் உழைத்த என்னுடையதையே அனுப்பிவிட்டு, எனக்குத் திருகாணிக்காரனை வாங்கிக்கொண்டேன். இப்போது என் கையில் நான்கு திருகாணி இருக்கிறது, ஒரு புத்தகமும் இல்லை.

சென்ற ஞாயிறு வெள்ளையன் பேசினான். எங்கே வைக்கிறாய் என்றுதான் முதலில் கேட்டேன்.

"தலைமாட்டுல மாமா. எலி வந்தா மொதல்ல என்னைத்தான் கடிக்கணும்." பிறகு சொன்னான்: "நீங்க வுட்ட பக்கத்துலயே தொறக்குது. நூத்திப் பன்னெண்டு. நான் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டா?"

அங்கிருந்தே படி, சத்தமாகப் படி என்றேன். பாறைமேல் நின்றபடியே அவன் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தான். நான் படித்த முதல் நூற்றுப் பதினொரு பக்கம் இங்கே என்னிடம் இருக்கிறது. மீதி மலையில் இருக்கிறது.