ஜெர்மன் கோபுரத்துக்கு ஒரு வேண்டுதல்

என் தம்பி மகள் நர்ஸ் படிப்புக்காக ஜெர்மனி போகப்போகிறாள். அதற்காக ஒரு வருஷமாய் அந்தப் பாஷையை உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள். தமிழ் அவள் காதுக்குப் புரியும், வாயில் வருவதென்னவோ பர்மிய பாஷைதான். போன வாரம் ஒரு பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். பழைய ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போகிற பாடம். அந்த நாட்டில் ஓர் ஊர் வேறொரு நாட்டு ஊரோடு உறவு வைத்துக்கொள்ளுமாம், வருஷத்துக்கு ஒரு தடவை ஜனங்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் விருந்தாகப் போவார்களாம் என்று எனக்குச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தாள்.

"தெரியும்மா. ரெட்டை ஊரு. ஊருக்குள்ள நுழையற எடத்துல பலகை நட்டு அந்த ஊரு பேரையும் எழுதி வெச்சிருப்பாங்க" என்றேன்.

நாலாம் வகுப்போடு நின்ற அத்தைக்கு இது எப்படித் தெரியும் என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன். எத்தனையோ வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. போனில் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச் சட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வீடுகள், கல் பாவிய தெரு, தெரு முடிகிற இடத்தில் கூம்பு வைத்த கோபுரம். ஒன்றுமே மாறவில்லை.

"அத்தை, இது கோயில் இல்ல. அந்தக் காலத்துல திருடனப் புடிச்சு இதுக்குள்ள போட்டு வெப்பாங்களாம்" என்று பர்மிய பாஷையில் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருடர்களை அடைத்த அந்தக் கோபுரத்துக்குத்தான் நாங்கள் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தார். தம்பி அம்மா வயிற்றில் இருந்தபோது கிளம்பிப் போனவர், ஜெர்மனித் துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டுவிட்டது. உடம்பு தேறியதும் யாரோ ஒரு புண்ணியவான் உள்நாட்டில் இருந்த தன் ஊருக்குக் கூட்டிப்போய், சாயப் பட்டறையில் பாய்லர் பார்க்கிற வேலை வாங்கிக் கொடுத்தாராம். அங்கிருந்து கடிதம் வந்தது. அதோடு அந்த ஊர்ப் படம் போட்ட காலண்டர் தாள் ஒன்றும் நாலாக மடித்து வந்தது.

ரங்கூனில் லத்தா பேட்டையில் ஒரு மாடி வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் இருந்தோம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் படிக்க வேண்டும். அந்த ஊரில் வீடுகள் எல்லாம் முந்நூறு நானூறு வருஷத்துப் பழசு என்று அப்பா எழுதியிருந்தார். ஒரு ஜன்னல் கதவை மாற்றவேண்டும் என்றாலும் நகரசபையைக் கேட்க வேண்டுமாம். இரட்டை ஊர்க்காரர்கள் பிரான்சு தேசத்திலிருந்து மேளதாளத்தோடு வந்தார்கள், ஊரே தெருவில் மேசை போட்டுச் சாப்பிட்டது, நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பக்கத்தில் இருந்த கிழவி என் தட்டில் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டே இருந்தாள் என்று எழுதியிருந்தார். அந்த இடத்தை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"ஜன்னலக் கூட மாத்த மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"மாத்தக் கூடாதாம்மா."

"அப்ப நாம எப்பப் போனாலும் அப்படியேதான் இருக்கும்" என்றாள்.

படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அவ்வளவு உயரமாய்க் கூம்பு வைத்திருந்தால் அது மாதா கோயில்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமையானால் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி கொண்டுபோகிற பழக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா இரண்டு மெழுகுவத்தி வாங்கினாள். ஒன்று கோயிலுக்கு, ஒன்று படத்துக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை படத்துக்கு முன்னால் நின்று, என் தலையில் கைவைத்து வேண்டிக்கொண்டாள். அப்பா நல்லபடியாக வந்து சேர்ந்தால், அந்தக் கோபுரத்தின் அடியில் என் முடியை இறக்குவதாக.

எனக்கு முடி முட்டிக்கால் வரை இருக்கும். தெருவில் பர்மியப் பெண்கள்கூட நிறுத்தித் தொட்டுப் பார்ப்பார்கள். என்னிடம் பெருமையாகச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"அப்பா இங்க வந்துட்டா, அப்புறம் எதுக்கும்மா அங்க போகணும்?" என்று கேட்டேன்.

"வேண்டிக்கிட்ட எடத்துலதான் செய்யணும்" என்றாள்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அவருக்கு இது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது.

"ஏம்மா, அந்தக் கோபுரத்துக்குத் தமிழு தெரியுமான்னு கேட்டுக்கிட்டியா?"

"சாமிக்கு எல்லா பாஷையும் தெரியும் மாமா."

"தெரியட்டும். அந்தக் குளிருல மொட்டையடிச்சா புள்ள மண்டை வெறைச்சுப் போயிடும். இங்கயே ஆத்தங்கரையில எறக்கி, மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சுக்க. போறப்ப கொண்டு போயி சேத்துக்கலாம். என் தம்பி படியேறி வரட்டும், மறுநாளே நாவிதரக் கூட்டிட்டு வரேன்."

நான் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் கோலாட்டம் ஆட எட்டுப் பெண்களை எடுத்திருந்தார்கள். நான் கடைசியில்தான் நிற்பேன், யாரோடும் பேசமாட்டேன். ஆனாலும் சொல்லிக்கொடுக்கிற அக்கா என் பின்னலைப் பார்த்துவிட்டு, நீ முன்னால் வா என்று நிறுத்தியிருந்தாள். சிவப்பு ரிப்பன்கூட வாங்கியாகிவிட்டது. அப்பாவிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. உத்திரத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கப்பல் ரங்கூன் வருகிறது, அதில் இடம் கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

எனக்கு அப்பா வேண்டும். ராத்திரியில் அவர் இருமுகிற சத்தம் வேண்டும், அவர் சட்டையின் எண்ணெய் நாற்றம் வேண்டும். அவர் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அதை யாரிடமும் சொல்லப் பயமாக இருந்தது. ஆனால் பத்து நாள் மட்டும் பொறுத்து வந்தால் என்ன என்றும் இருந்தது. அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டை ஏற்றினேன். "சாமி, அப்பா வரட்டும். இந்தக் கப்பல்ல வேணாம். அடுத்த கப்பல்ல வரட்டும்" என்றேன். தமிழ் புரியாமல் போய்விடுமோ என்று பர்மிய பாஷையிலும் ஒரு தடவை சொல்லிவைத்தேன்.

கப்பல் வந்தது. பெரியப்பாதான் அதில் சரக்கு இறக்கினார். அப்பா வரவில்லை, அவர் கொடுத்துவிட்ட கடிதம்தான் வந்தது. அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியப்பா வாசலிலேயே நின்றார். நான் படித்தேன். இந்தத் தடவை வர இயலவில்லை, பட்டறையில் விடமாட்டேன் என்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான் இருந்தது. ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இன்னொரு வாட்டி படி" என்றாள் அம்மா.

எனக்குப் படிக்க வரவில்லை. அழுதேன். நான்தான் வேண்டாம் என்று சாமியிடம் சொன்னேன், ரெண்டு பாஷையிலும் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பெரியப்பா எப்போதும் ஏதாவது சொல்கிறவர், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். அடி விழும் என்று நான் காத்திருந்தேன். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துப் பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி பின்னிவிட்டாள்.

"நீ சொல்லி அவரு நிக்கலடி" என்றாள். பின்னல் நுனியை முடிந்துவிட்டு, "போயி ஆடு" என்றாள்.

ஆடினேன். முன்வரிசையில் சிவப்பு ரிப்பனோடு ஆடினேன். அம்மா கூட்டத்தில் நின்றாள். பார்த்தாளா என்று தெரியாது.

உத்திரம் முடிந்த மறுநாள் அம்மா என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனாள். பழைய துணியைக் குவித்துப்போட்டு விற்கும் சீனக் கிழவரிடம், குவியலுக்குள் கைவிட்டுச் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றை உருவி எடுத்தாள். ரங்கூனில் அந்த மாசத்து வெயிலில் அதைத் தொட்டாலே கை வேர்க்கும். கிழவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்து, எந்த ஊருக்கு என்று பர்மிய பாஷையில் கேட்டார். அம்மா உள்பக்கத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்காம்மா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிட்டது. மாடிப்படி ஏறி வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினேன். தம்பி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா கோபுரப் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். புடவைக்கு மேலே அந்தக் கோட்டு. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தாள். கன்னத்தில் பூசிய தனக்கா மரச்சாந்து வேர்வையில் கரைந்து கழுத்துக்கு வழிந்திருந்தது. அவள் நின்ற இடத்திலேயே மெல்ல ஓரடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். வழுக்குகிற கல்தெருவில் பார்த்துப் பார்த்து நடக்கிற மாதிரி.

என்னைப் பார்த்ததும் நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"கைதான் கொஞ்சம் நீளம்" என்றாள்.

அவள் முகம் வாடியிருந்தது. நான் கிட்டே போய், விரல் நுனியையும் மூடிக்கொண்டு தொங்கிய அந்தக் கம்பளிக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"பரவால்லம்மா. அப்பாவுக்கு நீளக் கைதானே, சரியாப் போயிடும்" என்றேன்.